காற்று நிற்கிறதே என்று கிளம்பிவிடாதீர்கள்

ஐப்பசி பிறந்து நாலு மழை விழுந்தால் போதும், எங்கள் கடைக்கு ஒரே ஜாடையில் கார்கள் வர ஆரம்பிக்கும். முன்சக்கரத்தின் பக்கவாட்டில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு வீக்கம். ஓட்டி வந்தவருக்கு இருபத்தைந்து, முப்பது வயது இருக்கும். வண்டி எடுத்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. "காத்து நிக்குதுங்கய்யா, வண்டியும் நல்லாத்தான் ஓடுது. ஊருக்குப் போயிட்டு வந்து மாத்திக்கலாமா?" என்பார். நான் திண்டிவனம் பக்கம் நெடுஞ்சாலை ஓரத்தில் டயர் கடை வைத்திருந்தவன். கல்லாவை மகனிடம் கொடுத்துவிட்டேன். நாற்காலி மட்டும் என்னுடையது. அதில் உட்கார்ந்துகொண்டு தினமும் வாயால் சொல்வதைத்தான் இங்கே வரிசை போட்டு எழுதுகிறேன். புதிதாக ஸ்டீயரிங் பிடித்த தம்பி, தங்கச்சிகளுக்கு.

1. பள்ளம் டயரை எந்த இடத்தில் அடிக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

ரோட்டில் படுகிற பாகத்துக்கு அடியில் இரும்புக் கம்பிப் பட்டைகள் இருக்கின்றன. கல்லோ முள்ளோ அதை லேசில் ஒன்றும் செய்யாது. பக்கச் சுவர், நாங்கள் சைடுவால் என்போம், அப்படிப்பட்டதில்லை. அங்கே இருப்பதெல்லாம் ரப்பருக்குள் புதைந்த பாலியஸ்டர் நூல் அடுக்கு, அதுவும் கார் டயரில் ஒன்றோ இரண்டோதான். காற்றின் அழுத்தத்தை உள்ளே பிடித்து வைத்திருப்பது அந்த நூல். ரப்பர் காற்று கசியாமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவே.

சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கி எதிர்க்கரையில் மோதும்போது, கரைக்கும் ரிம்முக்கும் நடுவே சைடுவால் நசுங்குகிறது. அந்த நொடியில் நூல் அறுந்துபோகும். ரப்பர் அறுபடாததால் காற்று வெளியே வராது. நூல் அறுந்த இடத்தில் தாங்க ஆளில்லாமல் ரப்பர் மட்டும் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். நீங்கள் பார்க்கிற வீக்கம் அதுதான். சில டயரில் உடனே தெரியும். சிலதில் நாலு நாள், ஒரு வாரம் கழித்துத்தான் தலைகாட்டும். அதனால்தான் பலருக்கு எந்தப் பள்ளத்தில் அடிபட்டது என்பதே ஞாபகம் இருப்பதில்லை.

2. "டொம்" என்று சத்தம் கேட்டதும் பிரேக்கை அழுத்தி நடுரோட்டில் நிற்காதீர்கள்.

பின்னால் லாரி வந்துகொண்டிருக்கும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் நேராகப் பிடியுங்கள், அபாய விளக்கைப் போடுங்கள், வேகம் தானாக இறங்க இறங்க இடது ஓரம் ஒதுங்குங்கள். காற்று மொத்தமாகப் போய்விட்டிருந்தால் ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுக்கும். இழுக்கட்டும், எதிர்த்து மெதுவாகப் பிடித்தால் போதும். வளைவிலோ மேம்பாலத்தின் மேலோ நிறுத்துவதைவிட, ரிம்மே வீணானாலும் நூறு மீட்டர் உருட்டிப் பத்திரமான இடத்துக்குப் போவது மேல்.

3. இறங்கிப் பாருங்கள். பார்ப்பது என்றால் காலால் ஒரு உதை விட்டுப் பார்ப்பது இல்லை.

ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுசாகத் திருப்பினால் முன்டயரின் உள்பக்கச் சுவர் ஓரளவு தெரியும். செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். எட்டாவிட்டால் கேமராவை உள்ளே நீட்டி ஒரு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். அடி உள்பக்கம் விழுவது நிறைய நடக்கிறது, பார்ப்பவர் ரொம்பக் குறைவு. அலாய் வீலில் உள்விளிம்புதான் முதலில் வளையும், வெளியே பளபளவென்று ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். பிறகு உள்ளங்கையால் சைடுவாலைச் சுற்றிலும் தடவுங்கள். அடியில் மாட்டியிருக்கும் பாகத்தைப் பார்க்க வண்டியை அரைச் சுற்று நகர்த்தி மறுபடி பாருங்கள்.

இங்கே ஒரு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். சில டயர்களில் மேலிருந்து கீழாக லேசான குழி ஒன்று கோடு போல ஓடும். உள்ளே நூல் அடுக்கின் இரண்டு ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று சேரும் இடம் அது. தயாரிக்கும்போதே வருவது, பயப்பட ஒன்றுமில்லை. குழிந்திருந்தால் விடலாம். புடைத்திருந்தால் விடக்கூடாது. நூல் தெரிகிற அளவுக்கு வெட்டு இருந்தாலும் அப்படியே.

ஒன்றுமே தெரியவில்லை என்றால் அடுத்த வாரம் இன்னொரு தடவை பாருங்கள்.

4. வீங்கிய டயருக்கு வைத்தியம் கிடையாது.

இந்த ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதுகிறேன். அறுந்த நூலை யாராலும் ஒட்ட முடியாது. "உள்ளே பெரிய ஒட்டு போட்டுத் தரேன்", "டியூப் போட்டு ஓட்டுங்க, ஒண்ணும் ஆகாது" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். டியூப் காற்றைப் பிடிக்கும், சுவரைப் பிடிக்காது. வீக்கம் அப்படியே இருக்கும், வெயிலில் நெடுஞ்சாலையில் வேகம் எடுக்கும்போது சைடுவால் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி மடங்கி விரிந்து சூடேறும். ஒரு கட்டத்தில் கிழிந்து ஒரே நொடியில் காற்று முழுவதும் போய்விடும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் முன்சக்கரம் அப்படிப் போனால் வண்டி யார் பேச்சையும் கேட்காது.

"இப்போது மாற்றப் பணம் இல்லை, பத்து நாள் தள்ள வேண்டும்" என்றால் ஸ்டெப்னியைப் போட்டுக்கொண்டு உள்ளூரில் மெதுவாக ஓட்டுங்கள். வீங்கிய டயரைப் பின்னால் தள்ளிவிட்டுச் சமாளிப்பது, குழந்தைகளை ஏற்றிக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போவது, இந்தப் பேச்செல்லாம் வேண்டாம்.

5. எல்லா ஓட்டைக்கும் டயர் மாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

ரோட்டில் படுகிற பட்டன் பாகத்தில் ஆணி ஏறியிருந்தால், ஓட்டை 6 மில்லிமீட்டருக்குள் இருந்தால், தாராளமாகப் பஞ்சர் போடலாம். வெளியிலிருந்து திரியைக் குத்தி அடைப்பது ஊர் போய்ச் சேர உதவும். டயரைக் கழற்றி உள்பக்கத்திலிருந்து காளான் வடிவத் தக்கையும் ஒட்டும் சேர்த்துப் போடுவதுதான் முறையான வேலை. ஓட்டை தோள்பட்டையில், அதாவது பட்டன் முடிந்து சுவர் தொடங்கும் வளைவில் இருந்தால் போடக்கூடாது.

காற்றில்லாமல் கொஞ்ச தூரம் உருட்டிய டயர் என்றால் உள்ளே கையை விட்டுப் பாருங்கள். கருப்புத் தூளும் ரப்பர் துணுக்கும் வந்தால் சுவர் உள்ளுக்குள் அரைபட்டுவிட்டது. வெளியே சின்ன ஆணி ஓட்டைதான் என்றாலும் அந்த டயர் முடிந்தது. கடைக்காரர் அதற்குப் பஞ்சர் போட்டுக் கொடுத்தால் கடையை மாற்றுங்கள்.

6. சக்கரம் மாற்றுவதை வீட்டு வாசலில் ஒரு தடவை செய்து பழகுங்கள்.

மழையில், இருட்டில், நெடுஞ்சாலை ஓரத்தில் முதல் பாடம் படிப்பது கொடுமை. வண்டியோடு கொடுத்த ஜாக்கி, வீல் ஸ்பேனர், முக்கோணப் பலகை எங்கே இருக்கின்றன என்றே பலருக்குத் தெரியாது. அலாய் வீலுக்குத் திருட்டுப் பயத்தில் பூட்டு நட்டு போட்டிருப்பார்கள், அதற்கு ஒரு தனிச் சாவி உண்டு. அது வீட்டு அலமாரியில் இருந்தால் உளுந்தூர்பேட்டையில் நின்றுகொண்டு என்ன செய்வீர்கள்?

நிறுத்தும் இடம் கெட்டியாகவும் சமமாகவும் இருக்கட்டும். ஹேண்ட் பிரேக், முதல் கியர். ஆட்டோமேட்டிக் என்றால் 'பி'. கூட வந்தவர்களை இறக்கித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்க வையுங்கள். முக்கோணத்தை வண்டியின் வாலிலேயே வைப்பார்கள். ஐம்பது மீட்டருக்குக் குறையாமல் பின்னால் போய் வையுங்கள். மாற்றப்போகும் சக்கரத்துக்குக் குறுக்கு மூலையில் இருக்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல்.

நட்டுகளை ஜாக்கி போடுவதற்கு முன்னாலேயே, சக்கரம் தரையில் இருக்கும்போதே, அரைச் சுற்றுத் தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு தளர்த்தப் பார்த்தால் சக்கரம் சேர்ந்து சுற்றும், வண்டி ஆடும். ஜாக்கி வைக்க வண்டியின் அடி ஓரத்தில் வெட்டு அடையாளம் இருக்கும், அந்த இடத்தில் மட்டும் வையுங்கள். தள்ளி வைத்தால் தகடு உள்ளே போய்விடும். தூக்கியதும் ஸ்டெப்னியை வண்டிக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள், ஜாக்கி சரிந்தாலும் வண்டி அதன்மேல்தான் உட்காரும். கழற்றிய சக்கரத்தை அங்கே மாற்றி வைத்துவிட்டு ஸ்டெப்னியை எடுத்துக்கொள்ளலாம். எந்தக் காரணத்துக்காகவும் உடம்பின் எந்தப் பாகமும் வண்டிக்கு அடியில் போகக்கூடாது.

நட்டு கழற்றியும் சக்கரம் வராமல் துருவில் ஒட்டிக்கொண்டிருக்கும். எதிரில் நின்று இழுக்காமல், நட்டுகளை இரண்டு மறை மட்டும் மாட்டிவிட்டு டயரின் பக்கத்தில் குதிகாலால் மாற்றி மாற்றித் தட்டுங்கள், விட்டுவிடும். புதுச் சக்கரம் ஏற்றும்போது நட்டின் சரிவான முகம் உள்நோக்கி. கையால் எல்லாவற்றையும் மாட்டிய பிறகு ஸ்பேனரால் எதிரெதிராக முடுக்க வேண்டும், வரிசையாகச் சுற்றிக்கொண்டு போனால் சக்கரம் கோணலாக உட்காரும். இறக்கி வைத்து மறுபடி முடுக்குங்கள். ஸ்பேனர் மேல் ஏறி மிதித்து முடுக்குகிற பழக்கம் நம் ஊரில் நிறைய. அது மறையைக் கெடுக்கும், அடுத்த தடவை யாராலும் கழற்ற முடியாது. ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தடவை இறுக்கம் பார்த்துக்கொள்ளுங்கள்.

7. ஸ்டெப்னிக்கும் காற்று பிடியுங்கள்.

மற்ற நாலுக்கும் பார்க்கிற அன்றே இதற்கும் பார்க்கச் சொல்லுங்கள். டிக்கியில் மூட்டைக்கு அடியில் இருக்கிறது என்பதால் யாரும் கேட்பதில்லை, பங்க் பையனும் கேட்பதில்லை. இன்னோவா, எர்டிகா மாதிரி வண்டிகளில் அது வயிற்றுக்கு அடியில் தொங்கும். இறக்கும் திருகு சேற்றில் இறுகிப் போயிருக்கும், வருடத்துக்கு ஒரு தடவை இறக்கி ஏற்றுங்கள்.

அலாய் வீல் வண்டிகள் பலவற்றுக்குக் கம்பெனி கொடுக்கும் ஸ்டெப்னி இரும்பு ரிம்மில், சின்ன அளவில் இருக்கும். அதன்மேல் 80 என்று வேக எல்லை ஒட்டியிருந்தால் அது அலங்காரத்துக்கு இல்லை. இன்னொன்று, சில வண்டியில் ஸ்டெப்னியே இருக்காது. டயர் அழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் பெட்டியும் கொடுத்தால் ஸ்டெப்னி வேண்டியதில்லை என்று 2020இல் மத்திய அரசு விதியைத் தளர்த்தியது. அந்தப் பெட்டியில் உள்ள பசை ஆணி ஓட்டையை அடைக்கும். பள்ளத்தில் கிழிந்த சைடுவாலுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. வண்டி வாங்கும்போதே டிக்கியைத் திறந்து பாருங்கள்.

8. ரிம்மைப் பார்க்காமல் புது டயர் மாட்டாதீர்கள்.

இரும்பு ரிம் வளைந்தால் பெண்ட் எடுத்துவிடலாம், ஒரு பாவமும் இல்லை. அலாய் லேசாக வளைந்திருந்தால் நல்ல பட்டறையில் சரிசெய்வார்கள். விரிசல் விட்ட அலாயை வெல்டு வைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம். சோப்புத் தண்ணீரை விளிம்பில் ஊற்றினால் குமிழி வரும் இடம் கசிவைக் காட்டிக்கொடுக்கும்.

9. டயரின் மேல் எழுதியிருப்பதைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். கடைக்காரர் சொல்வதைச் சரிபார்க்க உங்களிடம் வேறு ஆயுதம் இல்லை.

185/65 ஆர்15 88எச் என்று இருந்தால்: அகலம் 185 மில்லிமீட்டர். சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம். 'ஆர்' என்பது ரேடியல். ரிம் 15 அங்குலம். 88 என்பது ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பதன் குறி. 'எச்' என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை தாக்குப்பிடிக்கும்; 'டி' என்றால் 190. இந்தக் கடைசி இரண்டும் வண்டிக்குக் கம்பெனி சொன்னதைவிடக் குறையக் கூடாது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஸ்விஃப்டின் ஆரம்ப மாடலில் வருவது 165/80 ஆர்14. மேல் மாடலில் 185/65 ஆர்15. பலேனோவின் மேல் மாடலில் 195/55 ஆர்16. மூன்றையும் நிறுத்தி அளந்தால் மொத்த உயரம் ஏறத்தாழ ஒன்றேதான், 620 மில்லிமீட்டர் சொச்சம். ஆனால் சுவரின் உயரம்? முதலாவதில் 132 மில்லிமீட்டர், இரண்டாவதில் 120, மூன்றாவதில் 107. ரிம் பெரிதாக ஆக, பள்ளத்தின் கரைக்கும் ரிம்முக்கும் நடுவே இருக்கிற மெத்தை மெலிகிறது. வளைவில் வண்டி கச்சிதமாகத் திரும்பும், பார்க்கவும் எடுப்பாக இருக்கும், மறுக்கவில்லை. அதற்குரிய விலையைப் பள்ளம் வசூலிக்கும்.

"ஐயா, பதினேழு இஞ்ச் போட்டா கெத்தா இருக்கும்" என்று வரும் பையன்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: "தினமும் எந்த ரோட்ல போற தம்பி?" மெட்ரோ வேலை நடக்கும் ரோட்டுப் பக்கம் என்றால் கம்பெனி கொடுத்த அளவிலேயே இரு என்று அனுப்பிவிடுவேன். மகனுக்கு இதில் என்மேல் வருத்தம் உண்டு, வியாபாரம் போகிறதாம்.

10. ஒன்று மாற்றுவதா, இரண்டு மாற்றுவதா?

ஒரே அச்சில் இருக்கும் இரண்டு டயரும் ஒரே அளவு, ஒரே வார்ப்பு, ஏறக்குறைய ஒரே தேய்மானம் இருக்க வேண்டும். அடிபடாத ஜோடி டயர் பாதிக்குமேல் தேய்ந்திருந்தால் இரண்டாக மாற்றுங்கள். ஐயாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்றால் ஒன்று போதும், அதே கம்பெனி அதே மாடல் கிடைக்கும்வரை காத்திருங்கள். ஸ்டெப்னி அதே அளவில், அதே வயதில், புதிதாகவே இருந்தால் அதை ஏற்றிவிட்டுப் புதியதை ஸ்டெப்னியாக வைப்பதும் நல்ல யோசனை. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு மட்டும் கணக்கு வேறு. நாலின் சுற்றளவும் ஒத்துப்போகாவிட்டால் கியர் பாகங்கள் அடிவாங்கும், கையேட்டைப் பாருங்கள்.

புது ஜோடியை எங்கே போடுவது என்பதில்தான் சண்டையே. "முன்னாடிதானே இழுக்குது, திரும்புது, முன்னாடி போடுங்க" என்பார்கள். பின்னால் போடுங்கள். மழைத் தண்ணீர் தேங்கிய ரோட்டில் பட்டன் குறைந்த டயர் தண்ணீரை வெளியேற்ற முடியாமல் அதன்மேல் மிதக்கும். முன்சக்கரம் மிதந்தால் வண்டி திரும்ப மறுக்கும், காலை எடுத்தால் வேகம் குறைந்து பிடிப்பு திரும்ப வரும். பின்சக்கரம் மிதந்தால் வண்டியின் பின்பக்கம் சுழன்று முன்னே வந்துவிடும். அதைச் சமாளிக்க நம்மில் பலருக்குப் பழக்கம் கிடையாது. முன்சக்கர இழுவை வண்டியானாலும் இதே பதில்தான்.

பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழ் போனால் சட்டப்படியே அந்த டயரோடு காரை ரோட்டில் ஓட்டக்கூடாது. பட்டனின் வரிப் பள்ளங்களுக்கு நடுவே சின்ன மேடுகள் வைத்திருப்பார்கள். பட்டன் அதன் மட்டத்துக்கு வந்துவிட்டால் கணக்கு முடிந்தது.

11. தேதி பார்த்து வாங்குங்கள்.

சைடுவாலில் ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 2325 என்றால் 2025ஆம் வருடத்தின் 23ஆவது வாரம் செய்தது. தள்ளுபடி என்று சொல்லும் டயருக்கு முதலில் இதைப் பாருங்கள். ஆறு மாதம், ஒரு வருடம் கடையில் இருந்தால் கெட்டுப்போகாது. மூன்று வருடச் சரக்கைப் புது விலைக்கு வாங்கவும் தேவையில்லை.

2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18க்கு இறங்கியது. பில் கேட்டு வாங்குங்கள். அதில் டயரின் வரிசை எண் எழுதச் சொல்லுங்கள். சாதாரண வாரண்டி தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான், பள்ளத்தில் வாங்கிய வீக்கத்தை எந்தக் கம்பெனி ஆளும் தயாரிப்புக் குறை என்று எழுதமாட்டார். சில கம்பெனிகள் சில மாடல்களுக்கு அடிபட்டாலும் ஈடு தரும் வாரண்டி வைத்திருக்கின்றன. வாங்கியதும் பில்லைப் பதிவு செய்திருந்தால்தான் அது செல்லும். விலை பேசும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்.

எந்தக் கம்பெனி நல்லது என்று கேட்காதவர் இல்லை. திருவொற்றியூரில் 1946இல் பலூன் செய்ய ஆரம்பித்து வளர்ந்ததுதான் எம்.ஆர்.எஃப். இன்று ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜே.கே., சியட், தேர்வாய்கண்டிகையில் மிஷலின் என்று நம்மைச் சுற்றியே டயர் செய்கிறார்கள். உங்கள் வண்டியோடு வந்த டயர் உங்களுக்குத் திருப்தியாக இருந்ததென்றால் அதையே போடுங்கள். பேர் தெரியாத மலிவுச் சரக்கை மட்டும் தவிருங்கள். என் அபிப்பிராயம் அதற்குமேல் போகாது.

12. மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். டீ குடிக்கப் போய்விடாதீர்கள்.

சுவரில் அம்புக்குறி இருந்தால் சக்கரம் முன்னோக்கிச் சுற்றும் திசையில் இருக்க வேண்டும். 'வெளிப்பக்கம்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் அந்த முகம் வெளியே. ரப்பர் வால்வைப் புதிதாக மாற்றச் சொல்லுங்கள், சில்லறைக் காசுதான். உள்ளே அழுத்தம் பார்க்கும் சென்சார் இருந்தால் கழற்றும் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மிஷின் அதை உடைத்துவிடும்.

பேலன்சிங் கட்டாயம். எடைக் கட்டிகளை அளவுக்கு மீறி ஒட்டிக்கொண்டே போனால் ரிம் வளைந்திருக்கிறது என்று அர்த்தம், நிறுத்திக் கேளுங்கள். பள்ளத்தில் அடிபட்ட வண்டிக்கு அலைன்மென்ட்டும் பார்க்க வேண்டும், புது டயர் போடாவிட்டாலும் பார்க்க வேண்டும். நேர் ரோட்டில் ஸ்டீயரிங் கோணலாக நின்றாலோ, ஒரு பக்கம் இழுத்தாலோ, மிஷினில் போட்டும் எண் சரிக்கு வராவிட்டாலோ லோயர் ஆர்ம், டை ராட், ஸ்ட்ரட் எதிலோ வளைவு இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் அலைன்மென்ட் பார்த்துப் பிரயோஜனமில்லை. புது டயரை ஒரு ஓரமாகத் தின்றுவிடும். அலைன்மென்ட் முடிந்ததும் முன்னும் பின்னும் எடுத்த அளவு அச்சிட்டுத் தருவார்கள், கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

புது டயரின் மேல்தோல் வழுவழுப்பாக இருக்கும். முதல் சில நூறு கிலோமீட்டருக்கு வளைவிலும் பிரேக்கிலும் நிதானம்.

13. இன்சூரன்ஸ் கொடுக்கும் என்று நம்பிக் கடைக்கு வராதீர்கள்.

வழக்கமான பாலிசியில் டயர் மட்டும் போனால் ஒன்றும் கிடையாது. அதே விபத்தில் வண்டியின் வேறு பாகமும் அடிபட்டிருந்தால் டயர் விலையில் பாதி. பம்பர் டு பம்பர் எடுத்திருக்கிறேன் என்பார்கள். பெரும்பாலான பாலிசிகளில் டயர் அதற்குள் வராது. டயருக்கென்று தனியாக ஒரு சேர்க்கை உண்டு, அது மீதமிருக்கும் பட்டனைப் பொறுத்துக் கொடுக்கும், பஞ்சருக்குக் கொடுக்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு டயருக்காகக் கிளெய்ம் போட்டால், வருடா வருடம் சேர்த்து வைத்த போனஸ் தள்ளுபடி, 20 சதவீதத்தில் ஆரம்பித்து 50 வரை போவது, கையைவிட்டுப் போகலாம். ரிம், சஸ்பென்ஷன் எல்லாம் சேர்ந்து அடிபட்டிருந்தால் மட்டும் போடுங்கள். அப்படிப் போடுவதாக இருந்தால் இடத்திலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள், சர்வேயர் பார்க்கும் முன் எதையும் கழற்றாதீர்கள்.

14. பள்ளத்தைப் பற்றிப் புகார் சொல்லுங்கள்.

சென்னை மாநகராட்சி ரோடு என்றால் 1913. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. வண்டி நின்றுபோனால் உதவிக்கும் அதே எண்தான். மாநில நெடுஞ்சாலைத் துறைக்கு 'நம்ம சாலை' என்று செயலி இருக்கிறது, படம் எடுத்து அனுப்பலாம். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்று ஒரு பிரிவு வந்தது. ரோட்டை விதிப்படி போடாமல், பராமரிக்காமல் விட்டு அதனால் உயிரோ உடம்போ பாதித்தால் பொறுப்பானவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். உங்கள் டயருக்கு அதிலிருந்து பைசா வராது. அடுத்த மழைக்கு அதே பள்ளத்தில் பைக்கில் போகிற ஒருவர் விழாமல் இருக்கலாம்.

15. பள்ளத்தைச் சந்திக்கும் விதம்.

காற்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர், அதில் எத்தனை பிஎஸ்ஐ என்று இருக்கும். வண்டி குளிர்ந்திருக்கும்போது அந்த அளவு. குறைந்தால் ரிம் நேராக அடி வாங்கும், மிகுந்தால் டயர் விறைத்துக்கொண்டு வெட்டுப்படும். ஓடிச் சூடான டயரில் கூடுதலாகக் காட்டினால் காற்றை இறக்காதீர்கள். நைட்ரஜன் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: நாம் சுவாசிக்கிற காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். காசு இருந்தால் பிடியுங்கள். மாதம் இரண்டு தடவை அளவு பார்ப்பது அதைவிட உபயோகம்.

தார் ரோட்டுக்கு எதிரி தண்ணீர். மேலே விரிசலில் இறங்கி அடியில் இருக்கும் ஜல்லிப் படுகையை இளக்கிவிடும், மேலே போகிற லாரி மிச்சத்தைச் செய்யும். ஆகையால் நேற்று இல்லாத பள்ளம் இன்று காலையில் இருக்கும். மழைக்காலத்தில், பழகின ரோடு என்ற எண்ணமே ஆபத்து. தேங்கிய தண்ணீரை ஆழம் தெரியாத பள்ளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் போகிற வண்டியின் சக்கரம் எங்கே குலுங்குகிறது என்று பார்க்க இடைவெளி விடுங்கள், ஒட்டிக்கொண்டு போனால் அது தாண்டிய பள்ளம் உங்களுக்குக் கடைசி நொடியில்தான் தெரியும்.

தெரிந்துவிட்டது, ஒதுங்க இடமில்லை. இடது பக்கம் டூவீலர், வலது பக்கம் பஸ். அப்போது வெடுக்கென்று திருப்பாதீர்கள். பள்ளத்துக்கு முன்னால் நன்றாகப் பிரேக் பிடியுங்கள், இறங்கும் நேரத்தில் பிரேக்கை விட்டுவிடுங்கள். பிடித்தபடியே இறங்கினால் வண்டியின் பாரம் முன்னால் சாய்ந்து, ஸ்பிரிங் ஏற்கெனவே அமுங்கியிருக்கும். அடியை வாங்க டயரைத் தவிர வேறு எதுவும் மிச்சம் இருக்காது. ஸ்டீயரிங் நேராக இருக்கட்டும். 80இல் போகிறவர் 40க்கு இறங்கிவிட்டால் மோதும் ஆற்றல் பாதியாவதில்லை, கால் பங்காகிவிடும். பள்ளத்துக்கு முன்னால் பிடிக்கும் பிரேக்குக்கு இருக்கும் பலன் வேறு எதற்கும் இல்லை.

16. கழற்றிய டயரைக் கடையில் சும்மா விட்டுவிட்டு வராதீர்கள்.

வீங்கிய டயர் உள்ளே டியூபோடு செகண்ட் ஹேண்டாக இன்னொரு வண்டியில் ஏறுவதை நான் பார்த்திருக்கிறேன். எடுத்துக்கொள்ளட்டும், ஆனால் உங்கள் கண் முன்னால் சைடுவாலில் கத்தியால் ஒரு நீளக் கோடு போடச் சொல்லுங்கள். மறுத்தால் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். மொட்டை மாடியில் போட்டு வைப்பதாக இருந்தால் தண்ணீர் தேங்கி டெங்குக் கொசு முட்டையிடும். பேரப்பிள்ளைக்கு ஊஞ்சல் கட்டுவதாக இருந்தாலும் அடிப்பக்கம் நாலு ஓட்டை போட்டுவிட்டுக் கட்டுங்கள்.